ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம்

1

நர்சிங் படித்தபோது, இரண்டாம் ஆண்டில் நான் ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம் உழைத்திருக்கிறேனாம். இதை நான் சொல்லவில்லை. என் கல்லூரி சொல்கிறது, முதல்வர் கையெழுத்தோடும் ஊதா நிறச் சீலோடும்.

கண்டுபிடித்தவர் இங்கே அயர்லாந்தில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் இருக்கும் யாரோ ஒரு பெண்மணி. கடிதம் ரொம்ப மரியாதையாக இருந்தது. உங்கள் கல்லூரி அனுப்பிய படிவத்தில் உள்ள வகுப்பு நேரத்தையும் வார்டு நேரத்தையும் கூட்டினோம், வேலை நாட்களால் வகுத்தோம், இருபத்தாறு வருகிறது, விளக்கம் அனுப்பினால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். ஒரு வார்த்தை கிண்டல் கிடையாது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, திருப்பித் திட்டியிருப்பேன். உதவியாக இருக்குமாம்!

அன்றைக்குப் பார்த்து நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம் முடிந்த நாள். என் வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்திருந்தார். கேக்கையும் கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அழுதேன். பிறகு கேக்கைத் தின்றேன்.

திருமழிசையில் எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். அப்பா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். "எம்பொண்ணு நர்சு" என்று அவர் டீக்கடையில் சொல்லும்போது குரல் ஒரு படி ஏறும். இங்கே நான் நர்ஸ் இல்லை. வயதானவர்கள் இல்லத்தில் கேர் அசிஸ்டென்ட். குளிப்பாட்டுவேன், உடுத்திவிடுவேன், சாப்பாடு ஊட்டுவேன். ஒரு பாராசிட்டமால் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. போய்ச் சேர்ந்ததும் ஒரே மாதத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஏஜென்சிக்காரர் சொன்னார். அந்த ஒரு மாதம்தான் ஆறு வருடமாக ஓடுகிறது. அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

2

பதிவுக்கு ஒரு படிவம் இருக்கிறது. நான்கு வருடத்தில் என்ன பாடம், எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று கல்லூரியே நிரப்பி, உறையின் வாயில் சீல் வைத்து, நேராக இங்கே அனுப்ப வேண்டும். நான் தொடக்கூடாது.

எங்கள் கல்லூரி பூந்தமல்லி தாண்டி, பெங்களூர் ரோட்டின் மேலேயே இருக்கிறது. அங்கே அலுவலகத்தில் எல்லாமே தேவராஜ் அண்ணன்தான். நான் சேர்ந்தபோது அட்டெண்டராக இருந்தார், இப்போது சூப்பரிண்டெண்டெண்ட். தங்கமான மனிதர். அவருடைய தங்கமான மனசுதான் என்னை இந்தப் பாடு படுத்துகிறது.

முதல் முறை படிவத்தை நிரப்பி, சீல் வைத்து, திருமழிசையில் எங்கள் வீட்டுக்கே போய் அப்பா கையில் கொடுத்துவிட்டார். போன் செய்து கத்தினேன்.

"இன்னாம்மா நீ, அயர்லாந்துக்குத் தபால்ல போட்டா அது எப்ப போயி எப்ப சேர்றது? நம்ம நைனா கையில குட்தா பத்திரமா கீதுன்னு நெனச்சேன்" என்றார்.

இரண்டாம் முறை நேராகவே அனுப்பினார். மணி நேரம் கேட்ட எல்லாக் கட்டத்திலும் 'திருப்தி' என்று எழுதியிருந்தார். குழந்தைகள் வார்டு, திருப்தி. மனநலம், திருப்தி. படிவம் திரும்பி வந்தது. இதற்குள் ஐந்து வருடம் போய்விட்டது.

மூன்றாம் முறை நானே போனில் ஒவ்வொரு கட்டமாக விளக்கினேன். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "அண்ணா, எதுலயும் கொறஞ்சிடாம பாத்துப் போடுங்கண்ணா."

"கவலையே படாதம்மா. தாராளமாப் போட்டுடறேன்" என்றார் அண்ணன்.

போட்டுவிட்டார். கடிதத்தோடு வந்த நகலைப் பார்த்தால், கூடவே யாரும் கேட்காத ஒரு பிரசவப் பட்டியலையும் இணைத்திருந்தார். அதில் நான் என் கையால் பார்த்த பிரசவம் இருபது என்று இருந்தது.

3

அந்த இருபதின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொரு மாணவியும் இருபது பிரசவம் தானே பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்பது விதி. எங்கள் வகுப்பில் அறுபது பேர். நாங்கள் போன பிரசவ வார்டுக்கு இன்னும் இரண்டு கல்லூரிப் பெண்களும் வருவார்கள். பிள்ளை பெறுகிற அம்மாக்கள் எங்கள் வசதிக்குப் பெறுவார்களா? ஒரு பிரசவத்தைச் சுற்றி ஆறு பேர் நிற்போம். ஒருத்தி தலையைத் தாங்குவாள், ஒருத்தி தொப்புள்கொடி வெட்டுவாள், ஒருத்தி எடை பார்ப்பாள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஹாஸ்டலுக்கு வந்ததும் ஆறு பேரும் 'நானே பார்த்தது' என்று எழுதுவோம்.

எனக்கு எப்போதும் எண்ணிக்கை குறையும். என் தோழி செல்வி, ஆவடிக்காரி, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு பிள்ளை வினியோகம் செய்வாள். "என்னோட பன்னெண்டாம் நம்பர் பாப்பாவ எடுத்துக்கடி. ரெண்டே முக்கால் கிலோ. ஆனா அழுதுச்சுன்னு எழுது, அழலைன்னா டீச்சர் கேள்வி கேப்பாங்க." இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தைய வாரம் டீச்சரே வந்து, "சீக்கிரம் முடிங்கடி, எல்லாத்துலயும் கையெழுத்து போடணும்" என்று அவசரப்படுத்துவார். எங்களில் யாருக்கும் இது பொய் என்று தோன்றவில்லை. ரெக்கார்டு என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்தோம்.

உண்மையில் நான் என் கையில் ஏந்தியது மூன்று.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை யாரும் எழுதவே இல்லை. இரண்டாம் வருடம் டெங்கு சீசன் வந்தது. கல்லூரியை ஒட்டிய ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் வராண்டாவில் பாய் போட்டார்கள். நர்ஸ் இல்லை. எங்களை இறக்கிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் வகுப்பே நடக்கவில்லை. டிரிப் மாற்றினோம், ரத்தம் எடுத்தோம், வாந்தி அள்ளினோம், காய்ச்சலில் பிதற்றுகிறவர்களைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கால் வீங்கிப் போய் செருப்பு ஏறாது. நான் நர்ஸ் ஆனது அந்த வராண்டாவில்தான். ஆனால் அந்த நாட்களில் வகுப்பு நடந்ததாக வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. பாடம் முடியாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்களே. வார்டில் நாங்கள் செய்ததற்கு எந்த நோட்டிலும் ஒரு வரி கிடையாது.

நடக்காத வகுப்பை எழுதி, அதன்மேல் அண்ணன் தாராளமாகப் போட்ட வார்டு நேரத்தையும் ஏற்றினால், இருபத்தாறு என்ன, முப்பதுகூட வரும்.

4

என் வேலை காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கும். என் பொறுப்பில் டாம் என்று ஒரு பெரியவர். விவசாயியாக இருந்தவர், வாய் ஓயாமல் மாட்டைப் பற்றிப் பேசுவார். போன மாதம் ஒரு நாள் பேச்சே இல்லை. கஞ்சியை ஒதுக்கிவிட்டார். மூச்சை எண்ணினேன், அதிகம். வயிற்றைத் தொட்டால் கல்லு மாதிரி. மூத்திரம் அடைத்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இன்ன நோய் என்று நான் சொல்ல முடியாது. "டாம் இன்றைக்கு டாமாக இல்லை" என்று மட்டும் நர்சிடம் சொல்லலாம். நர்ஸ், போன வருடம் படிப்பு முடித்த பெண். நல்ல பெண்தான். மற்ற வேலையை முடித்துவிட்டு வந்து பார்க்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் டாம் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிடத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று எரிச்சலாக வந்தது.

கடிதம் வந்த மறுவாரம் என் மகள் நிலா எங்கள் இல்லத்துக்கு வந்தாள். இங்கே பத்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளை ஒரு வாரம் எங்காவது வேலை பழக அனுப்புவார்கள். பிள்ளைகள் தினமும் என்ன செய்தோம் என்று ஒரு டைரி எழுத வேண்டும். ஒன்பது வயதில் இங்கே வந்தவள். அவள் தமிழ் இப்போது எனக்கு மட்டும் புரிகிற தமிழ். அவள் அப்பாவுக்கே பாதி புரியாது.

சாயங்காலம் டைரியை எட்டிப் பார்த்தேன். 'இன்று இரண்டு பேருக்கு டீ கொடுத்தேன். மற்ற நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"என்னடி இது, ரெண்டு பேருன்னு எழுதியிருக்கே? முப்பது பேருக்கு சாப்பாடு கொடுக்க உதவினேன்னு எழுது. அழகா இருக்கும்."

"பட் நான் பண்ணலயே."

"பக்கத்துலதானே நின்னே?"

"நின்னா, நின்னேன்னுதான் எழுதணும். அம்மா, வை ஆர் யூ லைக் திஸ்?"

எனக்கு வந்ததே கோபம். பெரிய இவள், எனக்கு நியாயம் சொல்ல வந்துவிட்டாள், இரண்டு டீ கொடுத்ததற்கு இத்தனை வாயா என்று கத்தினேன். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். டீச்சர் அந்த டைரியில் 'நேர்மையான பதிவு, நன்று' என்று எழுதி அனுப்பினார். அதைப் படித்ததும் கோபம் இன்னும் ஏறியது. ஆனால் அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன்.

கிளம்புமுன் செல்விக்குப் போன் செய்தேன். அவள் வேறொரு நாட்டில் நர்ஸாகப் பதிவு செய்து நான்கு வருடம் ஆகிறது. அவளுக்கும் படிவம் நிரப்பியது அதே அண்ணன். உண்மையை எழுதி வாங்கப் போகிறேன் என்றேன்.

"உனுக்கு இன்னாடி பைத்தியமா? உன்னுத தோண்டுனா என்னுதும்தானே வரும்? என் இருபதும் உன் இருபதும் ஒண்ணுதானே?"

"நான் என் பேப்பரை மட்டும்தான்டி மாத்தப் போறேன். உன் பேரை எங்கயும் எழுத மாட்டேன்."

"பேசாம கேர் வேலையே பாத்துக்கினு இரேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

5

திருமழிசையிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. அடையாளமே தெரியவில்லை. மூன்று மாடி ஏறியிருக்கிறது. பிசியோதெரபி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி, விபத்துச் சிகிச்சை என்று வாசலில் படிப்புகளின் பட்டியல். 'வெளிநாட்டு வேலை உறுதி' என்று பேனரில் ஒரு பெண் ஸ்டெதாஸ்கோப்போடு சிரிக்கிறாள். சிரிடியம்மா, சிரி. ஆறு வருடம் கழித்துப் பேசிக்கொள்வோம்.

தேவராஜ் அண்ணன் தலை முழுக்க வெளுத்திருந்தார். "வாம்மா சுகுணா! நல்லா கீறியா? இன்னா இப்டி எளைச்சிட்டே, அங்க சோறு போட மாட்டாங்களா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கடிதத்தைக் காட்டினேன். மெதுவாகப் படித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடடா, பேஜாராப் பூட்ச்சே. சரி, ஒண்ணும் பிரச்சனை இல்ல. கொறைச்சிடலாம். எவ்ளோ ஓணும், சொல்லு."

"எவ்ளோ வேணும்னு இல்லண்ணா. எவ்ளோ நடந்துச்சோ அவ்ளோ."

அவர் என்னைப் பார்த்தார். "அது எந்த ரிஜிஸ்டர்ல கீது?"

அவர் கேட்டது நக்கலில்லை. உண்மையாகவே அவர் கையை நீட்டி எடுக்கக்கூடிய ஒரு ரிஜிஸ்டர் அங்கே இல்லை. கடைசியில் புதுப் படிவத்தை மேசையில் விரித்தோம். கால அட்டவணை, பரீட்சைத் தேதிகள், நான் பத்திரமாக வைத்திருந்த வார்டு போஸ்டிங் சீட்டுகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மதியச் சாப்பாட்டைக்கூட அவர் தள்ளிப்போட்டார். ஒவ்வொரு கட்டமாக எண்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. வகுப்பு நேரம் இறங்கியது. குழந்தைகள் வார்டு பாதியானது. பதிவுக்குத் தேவையான அளவுக்கு இது வராது என்று இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

"பட்டியல் வேற அனுப்பிட்டேனே. பிரசவம் எத்தினி?"

"மூணு."

பேனா நின்றது. "மூணா? யம்மா, அங்க இத்தப் படிக்கிறவங்க இன்னா நெனைப்பாங்க? ஒரு அஞ்சாவது போட்டுக்கலாமே."

சத்தியமாகச் சொல்கிறேன், வாய் வரை வந்துவிட்டது. ஐந்து என்றால் யாருக்கு என்ன நஷ்டம்? நிலாவின் இரண்டு டீ ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. "மூணுதாண்ணா" என்றேன். மூன்று என்று எழுதினார், அரை மனதாக.

அடுத்து இரண்டாம் வருட வார்டு நேரம். "டெங்கு சீசன்ல ரெண்டு மாசத்துக்கு மேல வராண்டாவுல நின்னோம்ணா. அதுக்கு எங்கிட்ட ஒரு சீட்டும் இல்ல. விட்டுடுங்க" என்றேன்.

அண்ணன் பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கம்மா அப்ப அங்கதாம்மா இர்ந்துச்சு. வராண்டாவுல, கடைசிப் பாயி, பம்பு ரூம் பக்கம். பதினோரு நாளு. எனக்கு லீவு குடுக்கல. இங்க ஃபைல் தூக்கிகினு சந்து கெடைக்கறப்ப ஓடி ஓடிப் பாப்பேன். எப்ப வந்தாலும் உங்கள்ல ஒரு பொண்ணு பக்கத்துல குந்திகினு இருப்பீங்க. ஒரு தபா நீதான் இர்ந்தே. தண்ணி ஸ்பூன்ல ஊத்திகினு இர்ந்தே. உனுக்கு ஞாபகம் கீதா?"

கடைசிப் பாய் ஞாபகம் இருந்தது. மூக்குத்தி போட்ட ஓர் அம்மா. தட்டணுக்கள் விழுந்துகொண்டே போய், நாங்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தோம். அவர் அட்டெண்டரின் அம்மா என்று எங்களுக்குத் தெரியாது.

"அப்பால ஒம்பது வருஷம் இர்ந்துச்சு எங்கம்மா. பேரப்புள்ளங்கள அல்லாம் பாத்துட்டுதான் போச்சு." மூக்கை உறிஞ்சினார். "அதான்மா உங்க பேட்ச் பொண்ணுங்க யார் கேட்டாலும் நான் கொறைக்க மாட்டேன். சேத்துதான் போடுவேன். நீங்க செஞ்சது எனக்குத் தெரியும். எங்க போடறதுன்னுதான் தெரியல."

ஆறு வருடமாக நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த மனிதர். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது, அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது. எங்களுக்கு நன்றி செலுத்துவதாக நினைத்து, எங்கள் பேப்பரை யாரும் நம்பமுடியாதபடி செய்துவிட்டாரே!

"இதுக்கு எந்தக் கட்டத்துல போட?" என்று படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கட்டம் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் 'கூடுதல் குறிப்புகள்' என்று இரண்டு வரிக்கு இடம் இருந்தது. அதில் தன் ஆங்கிலத்தில் தானே எழுதினார். முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, உறையின் வாயில் சீல் குத்தி, தபாலாபீசுக்கு அவரே என்னோடு நடந்து வந்தார். உறையை நான் தொடவில்லை.

6

பதில் நேற்று வந்தது. அதே பெண்மணி, அதே மரியாதை. திருத்தத்துக்கு நன்றி. தேவையான நேரம் குறைகிறது. ஆகவே நான் இங்கே ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு வாரம் மேற்பார்வையில் பயிற்சி எடுக்க வேண்டும். தினமும் என்ன செய்தேன் என்று எழுத ஒரு நோட்டுத் தருவார்கள். முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் ரெக்கார்டு நோட்டு. இன்றைக்கும் டாமுக்கு நான் கேர் அசிஸ்டென்ட்தான். அப்பாவுக்குப் போன் செய்து இந்த முறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, படி" என்றார்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. கூடுதல் குறிப்புகள் பகுதியில் உள்ளதற்கு ஆவணம் இல்லாததால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள இயலவில்லை, வருந்துகிறோம்.

"அதுல என்னம்மா எழுதியிருந்தாங்க?" என்று நிலா கேட்டாள். உறையை ஒட்டுமுன் அண்ணன் எனக்காகத் தன் போனில் எடுத்து அனுப்பிய படத்தைக் காட்டினேன். அவருடைய கோணல் ஆங்கிலம். நிலா சத்தமாகப் படித்துவிட்டு, தட்டுத் தடுமாறித் தமிழில் சொல்லிப் பார்த்தாள்.

'ஒரு நோயாளி. என் அம்மா. பதினொரு நாள். நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். நான் பார்த்தேன்.'

"இது நிஜமா நடந்ததாம்மா?"

"நடந்துச்சு."

"அப்ப அவங்க ஏன் அதை எண்ணல?" என்றாள்.